தொண்டை வலி, மூன்று நாள்

விசிறிக்கு நேராக உட்காருங்கள் மாமா. அந்த நாற்காலிக்குக் காற்றே வராது.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நாங்களே சமைத்துக்கொள்வோம். அரிசி கிடைக்கும், புளி மட்டும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டும். குளிர் பற்றிக் கேட்டீர்கள். மைனஸ் பதினைந்து வரைக்கும் போகும், பழகிவிடும். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா என்று கேட்டீர்கள். பாதுகாப்புதான். இந்த மூன்றையும் எல்லோரும் கேட்பார்கள். விடுமுறைக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது, உங்களோடு சேர்த்து ஐந்து குடும்பம் வந்துவிட்டது. மகளை அங்கே டாக்டருக்குப் படிக்க அனுப்பலாமா, மகனை அனுப்பலாமா என்று. எல்லோருக்கும் இந்த மூன்று பதிலைத்தான் சொன்னேன். காபி குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

நீங்கள்தான் நான்காவதாக ஒன்று கேட்டீர்கள். "நோயாளிய நீங்களே தொட்டுப் பாக்க விடுவாங்களாம்மா, இல்ல சும்மா தள்ளி நின்னு பாக்கணுமா?"

அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் காபி போட எழுந்து போயிருப்பேன்.

தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். விதி அதுதான். டாக்டர் முன்னால் போவார், நாங்கள் ஒன்பது பேர் பின்னால் போவோம். அவர் குனிந்தால் நாங்களும் குனிவோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தால் நாங்களும் எங்கள் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுக்கொள்வோம். முதல் மாதம் அதுவே பெருமையாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடந்து போகிறேன் என்பதே எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. யாராவது வந்து, "ஏம்மா, நீ எங்க இங்க?" என்று கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார்கள் என்று பயமாக இருக்கும். அந்தப் பயம் நாலு வருஷமாகியும் போகவில்லை. இதைச் சொன்னால் அம்மா திட்டுவாள்.

ஊர் கிர்கிஸ்தானில் தெற்கே இருக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நான் அங்கே இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் ஒரு மார்க் கூடப் போட்டிருந்தால் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுகிற பிள்ளை நான். அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

இது நடந்தது தை மாதம். பொங்கலுக்கு அடுத்த வாரம்.

எங்கள் டாக்டர் பெயர் அய்னுரா தலாந்தோவ்னா. அங்கே டாக்டரை அப்பா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை. கண்டிப்பான பெண். ஒவ்வொரு நோயாளிக்கும் நாங்கள் ஒரு கேஸ் ஷீட் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன உபத்திரவம், எத்தனை நாளாக, முன்னால் என்ன வியாதி வந்தது, எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா, எல்லாம் ரஷ்ய மொழியில். அதற்கு மார்க் உண்டு. கட்டம் ஏதாவது காலியாக இருந்தால் மார்க் கிடையாது.

இங்கேதான் மாமா, எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சீனியர் நோட்டு என்று ஒன்று. எத்தனை வருஷமாகக் கைமாறி வருகிறதோ தெரியாது, அட்டை போய் இரண்டு தடவை தைத்திருக்கிறார்கள். நுரையீரல் வார்டு என்றால் இந்தப் பக்கம், வயிற்று வார்டு என்றால் அந்தப் பக்கம் என்று மாதிரி கேஸ் ஷீட் முழுசாக எழுதியிருக்கும். பெயரையும் வயதையும் மாற்றிக்கொண்டு அப்படியே பார்த்து எழுதிவிடலாம். ரெண்டு வரி மட்டும் நோயாளியிடம் கேட்டுச் சேர்த்தால் போதும். அதில் எல்லாப் பக்கத்திலும் ஒரு வரி மாறாமல் இருக்கும். மருந்து ஒவ்வாமை: இல்லை. எனக்கு அதை எழுதி எழுதிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. பேனாவை வைத்தால் தானாகப் போகும்.

திருட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். அந்த ஷீட்டை மார்க் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். டாக்டர்கள் தனியாக அவர்கள் ஷீட்டை எழுதுவார்கள். எங்களுடையதை எந்த நோயாளிக்கும் யாரும் பார்ப்பதில்லை. அன்றுவரை பார்த்ததில்லை.

அந்த வாரம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். வார்டில் நடைபாதையிலும் கட்டில் போட்டுவிட்டார்கள். டாக்டர்களிலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அய்னுரா தலாந்தோவ்னா எங்களைக் கூப்பிட்டு, "இந்த வாரம் உங்கள் ஷீட்டைத்தான் ஃபைலில் முதல் பக்கமாக வைக்கப் போகிறோம். ஒழுங்காகக் கேட்டு எழுதுங்கள். நர்ஸ் நோயாளியிடம் இன்னொரு முறை சரிபார்த்து வைப்பார்," என்றார். எல்லோரும் தலையை ஆட்டினோம். எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று இப்போது சொல்லமுடியாது.

நர்ஸ் பெயர் குல்மிரா. ஐம்பது வயது இருக்கும். முன்பல் ரெண்டும் தங்கம் கட்டியது. நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தால், அய்னுரா தலாந்தோவ்னா வருவதற்குள் ஆளுக்கு அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்துவிடுவார். பால் கிடையாது, வெறும் டீதான். அந்த வாரம் நாற்பத்திரண்டு நோயாளிக்கு அவர் ஒருத்தர்தான்.

வியாழக்கிழமை காலையில் ஜூமாபெக் என்று ஒருவர் வந்தார். மலைக்கு மேலே ஏதோ கிராமம். நிமோனியா. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குக் கொடுத்தார்கள். நான் ரஷ்ய மொழியில் கேட்கிறேன், அவர் கிர்கிஸ் மொழியில் பதில் சொல்கிறார். நகரத்து ஆட்களுக்கு ரெண்டும் தெரியும். இவருக்கு ரஷ்ய மொழி சுத்தமாகத் தெரியாது. எனக்குக் கிர்கிஸ் மொழியில் 'கிசிம்' என்ற ஒரு சொல்தான் தெரியும். மகளே என்று அர்த்தம். ஒவ்வொரு பதிலுக்கும் கிசிம், கிசிம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று எழுதிக்கொண்டேன். மடியில் சீனியர் நோட்டு.

நடுவில் ஒரு தடவை அவர் என் கையைத் தட்டி நிறுத்தினார். நிறுத்திவிட்டு ரெண்டு கையாலும் தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். பிறகு சட்டைக் கையை ஏற்றிவிட்டு, இந்தக் கையால் அந்தக் கையையும் அந்தக் கையால் இந்தக் கையையும் பறபறவென்று சொறிந்து காட்டினார். பிறகு மூன்று விரல்.

நான் எழுதினேன். தொண்டை வலி, மூன்று நாள்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் எழுதியதும் அவருக்கு நிம்மதி. டாக்டர் எழுதிக்கொண்டாள், இனி கவலையில்லை என்று தலையணையில் சாய்ந்துவிட்டார். அப்படிச் சாய்ந்ததைத்தான் மாமா என்னால் மறக்க முடியவில்லை.

குல்மிரா அவசரமாக வந்து, "முடிந்ததா?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. ஃபைலில் வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டார். அய்னுரா தலாந்தோவ்னா ஃபைலைத் திறந்து பார்த்து, பென்சிலின் வகை ஊசி ஒன்றை எழுதினார். "நான்கு மணிக்கு முதல் ஊசி," என்று குல்மிராவிடம் சொன்னார். எங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். விடுதிக்குப் போய்விட்டோம்.

அன்றைக்குச் சமையல் முறை எனக்கும் கிருபாகரனுக்கும். கிருபாகரன் சங்கரன்கோவில் பையன், எங்கள் குழுவில் ரஷ்ய மொழி நன்றாகப் பேசுகிறவன் அவன்தான். மார்க்கெட்டில் கத்திரிக்காய் கிடைத்திருந்தது, அந்தக் குளிர்காலத்தில் அதிசயம். நறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அம்மாவுக்குக் கத்திரிக்காய் ஆகாது மாமா. உங்களுக்கே தெரியுமே, போன வருஷம் உங்கள் வீட்டுச் சடங்கில் சாம்பாரில் கிடந்ததை எடுத்து ஓரமாக வைத்தாளே. யாராவது "ஏன் மதினி, கத்திரிக்கா திங்க மாட்டீயளா?" என்று கேட்டால் அம்மா வாயால் பதில் சொல்லமாட்டாள். தொண்டையைப் பிடித்துக் காட்டுவாள். பிறகு ரெண்டு கையையும் சொறிந்து காட்டுவாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

தொண்டை வலிக்கு யாராவது கையைச் சொறிவார்களா?

மணி இரண்டே முக்கால். கிருபாகரனிடம் சொன்னேன். அவன் வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்டான்.

"நீ எழுதினத யாரு படிக்கப் போறா? நாமளே சும்மா பின்னாடி நிக்கிற ஆளுங்க."

"இந்த வாரம் அதத்தான் ஃபைல்ல வெச்சிருக்காங்க."

"அந்த சிஸ்டர் கேட்டிருக்கும்."

"கேக்கல. நான் பாத்தேன்."

அவன் அடுப்பை அணைத்தான். "சரி, போய் என்னனு சொல்லுவ? நோட்ட பாத்து எழுதினேன்னா? ஒன்ன மட்டுமா கேப்பாங்க? நோட்டு எங்கனு கேப்பாங்க. ஒம்போது பேரும் மூட்டையக் கட்டணும். போன வருஷம் அந்த அண்ணன அனுப்புனாங்களே, ட்ரிப்ஸத் தொட்டதுக்கே. வெறும் தொட்டதுக்கு."

அந்த அண்ணனை எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். எனக்கு அவன் முதுகு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அடுப்படியிலிருந்து அப்படியே கிளம்பிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேனில் போகிறபோது நான் நினைத்துக்கொண்டது ஜூமாபெக்கைப் பற்றி இல்லை மாமா. உண்மையைச் சொல்கிறேன். பெட்டியோடு இந்த வீட்டு வாசலில் நான் வந்து நிற்பதையும், அப்பா கதவைத் திறந்து "என்ன கனி, லீவா?" என்று கேட்பதையும்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

வேன் என்றால் நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் எடுப்பான். மூன்று மணி. பனிக்கட்டியில் ஊர்ந்துகொண்டு போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஓடினேன், படியில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். காவலாளி விடவில்லை. மாணவர்களுக்குக் காலையில்தான் அனுமதி. "போனை மறந்து வைத்துவிட்டேன்," என்றேன். போன் என் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். போ என்றுவிட்டார்.

உள்ளே போனால் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். காலுக்கு நீல உறை மாட்ட வேண்டும். உறை இல்லாமல் வார்டுக்குள் கால் வைக்க முடியாது, நான் கொண்டுவரவில்லை. குப்பைக்கூடையில் யாரோ கழற்றிப் போட்டது ஈரமாகக் கிடந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன். அவசரத்தில் ஒன்று கிழிந்துவிட்டது. மூன்று ஐம்பது. அந்த நிமிஷத்தில்கூட உறையில்லாமல் ஓடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. விதி என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

வார்டில் அவர் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். நடைபாதையின் கடைசியில் ஊசி போடுகிற அறை. கதவு திறந்திருந்தது. ஜூமாபெக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையை ஏற்றிவிட்டு. குல்மிரா சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், வேண்டாம்," என்றேன். தமிழில். ரஷ்ய மொழி ஒரு எழுத்துக்கூட வரவில்லை. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நானே என் தொண்டையைப் பிடித்துக் காட்டினேன். கையைச் சொறிந்து காட்டினேன். மூன்று விரலைக் காட்டினேன்.

ஜூமாபெக் முகம் மலர்ந்துவிட்டது மாமா. ஆமாம், ஆமாம், கிசிம் என்று அவரும் தொண்டையைப் பிடித்தார், அவரும் சொறிந்தார். குல்மிரா சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு அவரிடம் அவர் மொழியில் கேட்டார். அவர் நிறையச் சொன்னார், குல்மிரா எனக்கு அதை ரஷ்ய மொழியில் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலில் அடிபட்டு, ஒரு ஊசி போட்டு, தொண்டை அடைத்து, உடம்பெல்லாம் தடித்து, நினைவு தப்பி, ஹெலிகாப்டரா வேனா தெரியவில்லை, எதிலோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மருந்தின் பெயரையும் சரியாகச் சொன்னார். அந்த மருந்துதான். காலையில் என்னிடமும் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார்.

குல்மிரா அந்தத் தட்டை எட்டத் தள்ளி வைத்தார். அதற்குள் யாரோ போய் அய்னுரா தலாந்தோவ்னாவைக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர் ஃபைலைத் திறந்து என் ஷீட்டை எடுத்தார். மருந்து ஒவ்வாமை: இல்லை. நீல மையில், மார்க்குக்காக அழகாக எழுதியிருந்தேன்.

"இதை யார் எழுதியது?"

அந்த ஷீட்டில் எங்கள் பெயர் இருக்காது. குழு எண் மட்டும்தான் போடுவோம், மார்க்கும் குழுவுக்குத்தான்.

ரஷ்ய வகுப்பில் எங்களுக்குக் கேள்விகளைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, இருமினால் வலிக்கிறதா. 'நான் கேட்கவில்லை' என்று சொல்ல ஒரு பாடமும் கிடையாது. அதனால்தான் எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. மூன்றே சொல்தான். எனக்கு அது தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் வரவில்லை.

குல்மிரா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்துதானே காலையில் வாங்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே, "நான் நோயாளியிடம் சரிபார்க்கவில்லை. என் தவறு," என்றார்.

அது உண்மைதானே மாமா? விதிப்படி அவர் கேட்டிருக்க வேண்டும். அய்னுரா தலாந்தோவ்னாவே திங்கட்கிழமை சொன்னார், நர்ஸ் சரிபார்ப்பார் என்று. நான் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அய்னுரா தலாந்தோவ்னா நடைபாதையில் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். நாற்பத்திரண்டு நோயாளி என்று குல்மிரா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ எப்படி வந்தாய்?" என்று கேட்டார். "அவர் கையால் காட்டியது விடுதியில் நினைவுக்கு வந்தது," என்றேன். ஒரு எழுத்து பொய் இல்லை. மறுநாள் காலையில் எங்கள் குழு முழுவதையும் நிறுத்தி வைத்து என் தோளில் கை வைத்தார். "வீட்டுக்குப் போன பிறகும் நோயாளியை நினைக்கிறவள்தான் டாக்டர். இவளைப் பாருங்கள்," என்றார். எல்லோரும் பார்த்தார்கள். கிருபாகரன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "டாக்டரம்மா, இனிமே கத்திரிக்கா நாங்களே வெட்டிக்கிறோம், நீங்க நோயாளிய நெனச்சிட்டு இருங்க," என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை டீ ஊற்ற ஆள் இல்லை. குல்மிராவைக் கீழே கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கிருமி போக அவிக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறை கோட்டுக் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. தினம் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆவி வந்துகொண்டிருக்கும், ஆள் தெரியாது. தெரியாததுதான் பயம். இன்றைக்கு மேலே போய்ச் சொல்லிவிடுவாரோ, இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று தினமும் நினைப்பேன். ஒரு நாள் கோட்டுக்காரப் பெண் வரவில்லை, டோக்கனை வாங்க அவர் வந்து நின்றார். கை சிவந்து தோல் உரிந்திருந்தது. நான் குனிந்துகொண்டேன். நன்றாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவர் என் கோட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவான குரலில், எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"மற்றவர்களுடைய தாள்கள்?"

அந்த வாரத்தில் நான் பன்னிரண்டு ஷீட் எழுதியிருந்தேன் மாமா. ஜூமாபெக் போக பதினொன்று. அந்தப் பதினோரு பேரை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவர் வந்து கேட்கிறவரைக்கும் நினைக்கவில்லை. அன்றைக்கு அப்படியே மேலே ஓடினேன். கேள்வியைக் கிர்கிஸ் மொழியில் அவரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், நான் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டேன். எட்டுப் பேர் இல்லை என்றார்கள். ஒரு அம்மா ஏதோ மாத்திரையின் பெயர் சொன்னார், அதை ஷீட்டில் சேர்த்தேன். இன்னொருவருக்கு சல்ஃபா ஆகாது. அதையும் சேர்த்தேன். பத்து ஆயிற்று.

பதினோராவது ஆள் அதற்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டார். ஆறாம் கட்டில். தாடி வைத்திருந்தார், அதைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவர் ஃபைலை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அந்த ஷீட் இன்னும் அதில்தான் இருக்கிறது. அடுத்த தடவை அவருக்கு ஏதாவது வந்தால், யாராவது அதை எடுத்துப் பார்த்தால், நல்ல கையெழுத்தில் இல்லை என்று எழுதியிருக்கும். சாவி அய்னுரா தலாந்தோவ்னாவிடம் இருக்கிறது. சாவியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். ஆறு மாதமாக அதைக் கேட்கவேண்டும், கேட்கவேண்டும் என்றுதான் இருக்கிறேன். செப்டம்பரில் போனதும் முதல் வேலை அதுதான். கேட்டுவிடுவேன்.

உங்கள் மகள் முத்தரசியை அனுப்பலாமா என்றுதானே கேட்க வந்தீர்கள். அனுப்புங்கள் மாமா. படிப்பு நல்ல படிப்பு. அவளைக் கட்டாயம் கிர்கிஸ் மொழியும் படிக்கச் சொல்லுங்கள்.

அப்பா உங்களிடம் சொல்லித்தானே இங்கே அனுப்பினார், என் மகள் படிக்கும்போதே ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்று? எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அம்மா, "என்னட்டி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். எதையாவது சொல்லவேண்டுமே. நான் ஓடிப்போய் ஊசியைத் தடுத்ததையும், டாக்டர் தோளில் கை வைத்ததையும் சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன். அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போட்டுக்கொண்டே வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் சொல்கிறார். பனியில் விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு ஓடினாள் என்கிறார். ரத்தம் வரவில்லை. அதை மட்டும் ஒரு தடவை திருத்தினேன். "வந்திருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட," என்றுவிட்டார்.

அதோ, வண்டிச் சத்தம். அப்பாதான். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

மாமா, உங்களிடம் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். அப்படி நான் யாரையும் சொன்னதில்லை. உள்ளே வந்ததும் அப்பா, "சொன்னாளா அண்ணாச்சி?" என்று கேட்பார். சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னேன்தானே. பிறகு அவரே ஆரம்பித்துவிடுவார், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவர் சொல்லும்போது என்னைப் பார்க்காதீர்கள்.

அவருக்கு அந்த ஆளின் பெயர் வாயில் நிற்காது. பாதியில் நிறுத்தி, "அவன் பேரு என்ன கனி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் ஜூமாபெக் என்று எடுத்துக் கொடுப்பேன். ஊசி வைத்திருந்தவளின் பெயரை அவர் இதுவரைக்கும் கேட்டதில்லை. இந்த வீட்டில் குல்மிரா என்ற பெயர் தெரிந்தவர்கள் இப்போது நாம் ரெண்டு பேர்தான்.